வீட்டுக்குப் போன மறுநாள்: குடிநோய் பற்றி வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லை. பெயர் போடாதவர்களுக்கு முதலில் பதில் எழுதுவது என் வழக்கம். நான் மருத்துவர் இல்லை. போதை சிகிச்சைப் பிரிவுகளில் 31 ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவர்கள் என்னை மன்னித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மா, என் கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். பன்னிரண்டு வருடமாகக் குடி. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே தட்டு பறக்கிறது. "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து என் நாத்தனார் ஒரு பொடி வரவழைத்துத் தந்திருக்கிறார். ரசத்தில் கலந்து கொடுக்கலாமா? – பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

கலக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்துவிட்டீர்கள் என்றால் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திட்டுவார். திட்டட்டும்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விற்பவருக்காவது தெரியுமா என்பது என் சந்தேகம். வெறும் மூலிகைத் தூளாக இருந்தால் பணம்தான் நட்டம். டைசல்பிரம் மாத்திரையைப் பொடித்து வைத்திருந்தால் ஆளுக்கே ஆபத்து. டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் 1940-களில் அதைக் குடற்புழுவுக்கான மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன் மேல் மது உள்ளே போனதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. குடிநோய்க்கு அது மருந்தாக மாறிய கதை அதுதான். நல்ல மருந்துதான். ஆனால் சாப்பிடுபவருக்கு, தான் என்ன சாப்பிடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு ஒரு குவார்ட்டரைக் கவிழ்ப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் அதன் வேகம் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும். ரசத்தில் கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். "அவர் வர மாட்டேன் என்கிறார், நான் என்ன செய்வது?" இதற்கு நாங்கள் வெகுகாலம் தவறான பதிலையே சொன்னோம். "அவருக்கே தோன்றும்போது கூட்டி வாருங்கள் அம்மா" என்று எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நோயாளி வந்தால்தான் சிகிச்சை, வீட்டுக்காரி மட்டும் வந்தால் வெறும் அழுகை என்று நினைத்திருந்தோம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மில்லர், மேயர்ஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, குடும்பம் மொத்தமும் கூடி உட்கார்ந்து அவரை நேருக்கு நேர் கேட்கும் முறை. இன்னொரு பிரிவுக்கு, "அவரை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, உங்களைக் கவனியுங்கள்" என்ற ஆதரவுக் குழு முறை. மூன்றாவது பிரிவினருக்கு வீட்டில் எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்று பயிற்சி. கூட்டம் போட்டுக் கேட்ட முறையில் 30 சதவீதம் நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். ஆதரவுக் குழு முறையில் 13 சதவீதம். (அந்தக் குழுக்களின் நோக்கமே வேறு என்பதால் இந்த எண்ணை வைத்து அவற்றைக் குறை சொல்வது நியாயமில்லை.) பயிற்சி பெற்ற வீட்டார் அழைத்து வந்தது 64 சதவீதம்.

அந்தப் பயிற்சியில் மந்திரம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன். குடித்துவிட்டு வந்த இரவில் பேச்சு கொடுக்காதீர்கள். அழுகை, சண்டை, பிள்ளை மேல் சத்தியம், எதுவும் அன்றைக்கு வேண்டாம். தட்டை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். குடிக்காமல் வரும் நாள் ஒன்றாவது இருக்கும்; பட்டறையில் சம்பளம் போடாத நாளாக இருக்கலாம். அன்று அவருக்குப் பிடித்ததைச் சமையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், "இன்றைக்கு நீங்கள் இப்படி வந்தது நன்றாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இந்த வாக்கியம்தான் வராது, தொண்டையில் நிற்கும். பழகிக்கொள்ளுங்கள். அடுத்தது, அவர் குடியால் விளைந்ததை நீங்கள் துடைக்காதீர்கள். முதலாளிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, அவர் பட்ட கடனை நகை வைத்து அடைப்பது, வாந்தியைக் கழுவி எதுவும் நடக்காதது போல் காலையில் காபி நீட்டுவது. இதெல்லாம் அன்புதான், ஆனால் குடிக்கு வாடகையில்லாமல் வீடு கொடுக்கும் அன்பு.

சிகிச்சை பற்றிப் பேச நேரம் பார்க்க வேண்டும். அவரே எதற்காவது வெட்கப்பட்டு நிற்கும் காலை வரும். மகளின் பள்ளிக்கூடத்தில் தள்ளாடிய மறுநாள், வண்டியோடு விழுந்த மறுநாள். அன்று, "தஞ்சாவூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், ஒரே ஒரு முறை பேசிப் பார்ப்போம், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை முன்பே விசாரித்துக் கையில் வைத்திருங்கள். சம்மதம் என்பது வெயிலில் வைத்த வெண்ணெய், மறுவாரம் வரை நிற்காது.

தட்டு பறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கையும் பறக்கிறதா? அப்படியானால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரவு போக ஒரு வீடு எது என்று பகலிலேயே முடிவு செய்துவைக்க வேண்டும்.

நான் ஒரு மறுவாழ்வு மையத்தின் நிர்வாகி. போனில் விசாரித்துத் தேதி வாங்குபவர்களில் பலர் அன்று வருவதே இல்லை. வந்தவர்களும் முழுதாக இருப்பதில்லை. "அவர்களுக்கு ஊக்கம் இல்லை" என்கிறார்கள் எங்கள் ஊழியர்கள். உண்மையா? – கோயம்புத்தூர்

ஐயா, உங்கள் மையத்துக்கு நீங்கள் நோயாளியாகப் போயிருக்கிறீர்களா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் கஸ்டாஃப்சன் மருத்துவர் அல்ல, பொறியாளர். தொழிற்சாலையில் பொருள் எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் கண்ணோடு 2003 முதல் போதை சிகிச்சை மையங்களைப் பார்த்தார். அவருடைய குழு ஒவ்வொரு மையத்துக்கும் முதலில் கொடுத்த வேலை இதுதான்: உங்கள் ஊழியர் ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் உறவினராகவும், முதல் போன் அழைப்பிலிருந்து தொடங்கி நடந்து பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, எண்ணிப் பாருங்கள். முதல் தொடர்புக்கும் சிகிச்சைக்கும் இடையில் சராசரியாக 19.6 நாள் ஆகிக்கொண்டிருந்தது 12.4 நாளாகக் குறைந்தது. முதல் சந்திப்புக்கு வந்தவர்கள் அடுத்தடுத்த சந்திப்புகளுக்கும் வருவது கூடியது. புது மருந்து வரவில்லை, புது மருத்துவர் வரவில்லை, நோயாளிகளின் ஊக்கமும் ஒரே ஆண்டில் வளர்ந்துவிடவில்லை.

இதைப் படித்துவிட்டு நானும் செய்தேன். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்திலிருந்து, "என் தம்பி குடிக்கிறான், கூட்டி வரலாமா?" என்று எங்கள் அலுவலகத்துக்கே போன் செய்தேன். என்னோடு தினமும் ஒரே டப்பாவில் சாப்பிடும் பெண்தான் எடுத்தார், குரலை அடையாளம் தெரியவில்லை. "திங்கள், வியாழன் மட்டும் புது நோயாளி. காலை ஒன்பதுக்குள் டோக்கன். இரண்டு போட்டோ, ரேஷன் கார்டு நகல், கூட ஒரு ஆண் இருக்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். தம்பிக்கு என்ன வயது, இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலைச் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான்.

வியாழக்கிழமை, எங்கள் ஊழியர்களுக்கு முன்பின் தெரியாத என் நண்பர் ஒருவரைத் தம்பியாக்கி அனுப்பிவிட்டு நான் மரத்தடியில் நின்றேன். வாசல் காவலர் உரக்கக் கேட்டார்: "குடி கேஸா? அந்தப் பக்கம் உட்காருங்கள்." அந்தப் பக்கம் என்பது கட்டணக் கவுன்டருக்கு எதிரே இருந்த பெஞ்சு. பல் வலிக்கும் கண் பரிசோதனைக்கும் வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். காலையில் கை நடுங்க வரும் ஒரு மனிதரால் அந்தப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா? எதிர்ச்சாரியிலேயே கடை இருந்தது.

நாங்கள் மாற்றியவை சின்னச் சின்னவை. பெஞ்சை உள்ளே தள்ளினோம். காவலருக்கு, "வாருங்கள், யாரைப் பார்க்க வேண்டும்?" என்ற ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தோம். போன் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இன்றைக்கே வர முடியுமா?" டீ வைத்தோம். டீக்கான காசுக்கு அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கத்தான் நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு மூன்றாம் முறை வருகிறவர்கள் கூடினார்கள் என்று என் பேரேடு சொல்கிறது. அதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அதோடு, சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பி வைத்த மறுநாள் நோயாளிக்கு யார் போன் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாருமில்லை என்றுதான் பதில் வரும். தொண்ணூறுகளில் நாங்கள் அஞ்சல் அட்டை போட்டோம். அட்டையைத் தபால்காரர் படிப்பார், அவர் படித்தால் டீக்கடை படித்தது போல. அதனால் "உடம்பு சுகமா? பயிர் எப்படி? 10-ஆம் தேதி பார்ப்போம் – அக்கா" என்று மட்டும் எழுதுவேன். நிலமே இல்லாத ஒருவர், "பயிர் நன்றாக இருக்கிறது, இருபது நாளாகத் தண்ணீர் பாய்ச்சவில்லை" என்று பதில் எழுதினார். இருபது நாள் குடிக்கவில்லை என்று பொருள். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அந்த வேலையைக் கைபேசி செய்கிறது. அதே கஸ்டாஃப்சன் குழு, தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய 349 பேரில் ஒரு பாதிக்கு எட்டு மாதம் ஒரு கைபேசிச் செயலியைக் கொடுத்தது. பழைய மதுக்கடைப் பக்கம் போனால் எச்சரிக்கும், ஓர் அழுத்தில் உதவிக்கு ஆள் கிடைக்கும். அவர்களுக்கு முந்தைய 30 நாட்களில் அளவுமீறிக் குடித்த நாட்கள் சராசரி 1.39, மற்றவர்களுக்கு 2.75 என்று 2014-இல் எழுதினார்கள். செயலி செய்யக் காசில்லை என்றால் ஒரு சிம் கார்டும், சலிக்காத ஓர் ஊழியரும் போதும். இரண்டாவது கிடைப்பதுதான் கடினம்.

அப்பாவுக்கு 58 வயது. பொங்கலோடு விட்டுவிட்டேன் என்று ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். மந்திரித்ததில் சரியாகிவிட்டது. மறுபடி குடிக்கிறார். இனி நிறுத்தினால் அப்படி வருமா? – மகன், திண்டுக்கல்

வரலாம், இன்னும் கடுமையாக வரலாம். அது பேய் இல்லை தம்பி. நெடுங்காலம் தினமும் குடித்த மூளை, மது திடீரென்று நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தப் பூச்சியும் பிதற்றலும் வரும். இதில் உயிர் போவதுண்டு. மந்திரித்தபோது அவர் பிழைத்தது உங்கள் நல்ல நேரம். அடுத்த முறை நிறுத்துவது மருத்துவமனையில் நடக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று. ஊர்ப்பக்கம் எதற்கெடுத்தாலும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்பார்கள். குடிநோயாளியின் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை முதலில் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "அப்பா தினமும் குடிப்பவர், சாப்பாடு சரியில்லை" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். மானம் பார்த்து அதை மறைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

21 நாள் உள்நோயாளியாக இருந்து வந்தேன். 47 நாள் தொடவில்லை. மைத்துனன் கல்யாணத்தில் இரண்டு நாள் குடித்துவிட்டேன். இப்போது இல்லை. கட்டிய பணம், போட்ட நாள், எல்லாம் வீண்தானே? மறுபடி மையத்துக்குப் போக வெட்கமாக இருக்கிறது. – ஆட்டோ ஓட்டுநர், மதுரை

47 நாள் எங்கும் போகவில்லை தம்பி. அந்த 47 நாளில் உங்கள் ஈரல் வேலை செய்தது, உங்கள் ஆட்டோ ஓடியது, உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து உட்கார்ந்திருக்கும். எதையும் யாரும் திரும்பக் கேட்க முடியாது.

மெக்லெல்லன் என்ற ஆய்வாளரும் சக மருத்துவர்களும் 2000-இல் ஓர் ஒப்பீடு செய்தார்கள். போதை சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் மறுபடி பழக்கத்துக்குத் திரும்புகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் சிகிச்சை பெறுபவர்களில் நோய் மீண்டும் தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதம். பிரஷர் ஏறி வரும் பெரியவரிடம் எந்த மருத்துவரும் "போன மாதம் கொடுத்த மாத்திரை வீண், உனக்கு ஊக்கம் இல்லை" என்று சொல்வதில்லை. மாத்திரையை மாற்றுகிறார், ஊறுகாயைக் குறைக்கச் சொல்கிறார். உங்களுக்கு மட்டும் வெட்கம் எங்கிருந்து வந்தது? அதில் பாதியை நாங்கள்தான் கொடுத்து அனுப்பியிருப்போம்.

சறுக்கல் கல்யாண மண்டபத்தில் நடக்கவில்லை என்பது என் ஊகம். அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கியிருக்கும். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்? கூட்டத்துக்குப் போவதை எப்போது விட்டீர்கள்? "மைத்துனன் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் மாடியில் யார் யார் கூடுவார்கள்" என்று முன்பே தெரியும் அல்லவா? தெரிந்தும், தாலி கட்டியதும் சாப்பிட்டுவிட்டு மனைவியோடு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்யாமல் போனீர்கள். இதை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி, நாளையே மையத்துக்கு எடுத்துப் போங்கள். அந்தத் தாள் ஆலோசகருக்குத் தங்கம். ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள் உங்களுக்கு ஆகுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஈரல் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார். போனதும் யாராவது முகம் சுளித்தால் எனக்கு எழுதுங்கள்.

எங்கள் மகனை ஒரு மையத்துக்காரர்கள் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் போனில் பேசக்கூடாது, பார்க்கக்கூடாது என்கிறார்கள். அப்படித்தான் திருத்த முடியும் என்கிறார்களே? – தாய்

அம்மா, இன்றே போய்ப் பாருங்கள். விடவில்லை என்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அடக்கம். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்று அது நேராகச் சொல்கிறது. போனில் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. மாநில மனநல ஆணையத்தில் அந்த மையம் பதிவு செய்திருக்கிறதா, பொறுப்பு மருத்துவர் யார், மகன் எந்தத் தாளில் கையெழுத்திட்டான் என்று மூன்றையும் கேளுங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி ஓட முடியாமல் இறந்தார்கள். அதன் பிறகும் "மூன்று மாதம் பார்க்கக்கூடாது" என்று ஒருவர் தமிழ்நாட்டில் துணிந்து சொல்கிறார், நாமும் கேட்டுக்கொண்டு திரும்புகிறோம்.

நான் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர். புண்ணுக்குக் கட்டுப் போட வருபவர், அல்சர் என்று வருபவர், விழுந்து அடிபட்டு வருபவர், பாதிப் பேர் குடிதான் காரணம். மனநல மருத்துவர் மாவட்டத் தலைநகரில். நாங்கள் என்ன செய்துவிட முடியும்? – அரியலூர் மாவட்டம்

நீங்கள்தான் செய்ய முடியும் என்று இப்போது சான்று இருக்கிறது.

முதலில் நிலவரம். டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-க்கு ஒருவர். மீதமுள்ளவர்கள் எங்கே? உங்கள் வரிசையில், அல்சர் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

கோவாவில் சங்கத் என்ற அமைப்பு பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தியது. அபிஜித் நட்கர்னி, விக்ரம் படேல் குழுவினர் 2017-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பத்துக் கேள்வி கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 12 முதல் 19 மதிப்பெண் வாங்கிய ஆண்கள் 377 பேர். அதாவது கெடுதல் வரும் அளவுக்குக் குடிப்பவர்கள், ஆனால் முற்றிய அடிமை நிலைக்குப் போகாதவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்ற பாதிக்கு அதோடு ஒன்று முதல் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணிக்குள் ஒரு பேச்சு. பேசியவர்கள் உளவியல் படித்தவர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் பேச்சுப் பிரிவில் 36 சதவீதம், மற்றதில் 26. கடந்த பதினான்கு நாளில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 42 சதவீதம், மற்றதில் 18. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றது. ஒரு குறையையும் அவர்கள் மறைக்கவில்லை: குடித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு நாளைக்குக் குடிக்கும் அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

என்ன பேசினார்கள் என்பதுதான் உங்களுக்குத் தேவை. அறிவுரை இல்லை. "குடி உங்களுக்கு என்ன கொடுக்கிறது, என்ன எடுக்கிறது?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்தே வரவைப்பது. எந்த நேரம், எந்த இடம், யாரோடு என்று கண்டுபிடிப்பது. நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று சொல்லிப் பார்ப்பது. சறுக்கினால் என்ன செய்வது என்று முன்பே பேசுவது. "குடிக்காதே, குடும்பம் கெடும்" என்று நாம் சொல்லும்போது அவர் தலையாட்டுவார். தலையாட்டுவது வலியிலிருந்து தப்பிக்க. உங்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். கட்டுப் போடும் பத்து நிமிடம் அவர் எங்கும் ஓட மாட்டார், அதை வீணாக்காதீர்கள். அந்தப் பட்டியலில் 20-ஓ அதற்கு மேலோ மதிப்பெண் வருபவர், காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்பவர், இவர்களை மட்டும் மேலே அனுப்புங்கள். அனுப்பினால் சீட்டோடு நிற்காமல் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு போன். மக்களிடம் கொடுக்க இரண்டு எண்: போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416.

கிராமத்தில் நடக்காது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கென்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்; டி.டி.கே. மருத்துவமனையை நடத்துவது அதுதான். அங்கிருந்தே திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடிக்கு முகாமைக் கொண்டுபோனார்கள். ஊரிலேயே தங்கி, ஊரிலேயே குணமாகி, அந்த ஊருக்குள்ளேயே நடந்து வீட்டுக்குப் போவது. பட்டணத்தில் மறைவாகக் குணமாகி வந்தவரை ஊர் சந்தேகத்தோடு பார்க்கும். கண்ணெதிரே குணமானவரிடம் மறுநாளே, "என் மச்சானையும் சேர்ப்பார்களா?" என்று கேட்கும்.

நாங்கள் மூன்று தலைமுறை சுயமரியாதைக் குடும்பம். ஏ.ஏ. (குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடும் குழு) கூட்டத்தில் கடவுளைக் கொண்டுவருகிறார்கள். போக வேண்டுமா? – ஈரோடு

உங்கள் தாத்தா இருந்தால் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று வாதிட்டிருப்பார். நீங்களும் போய் வாதிடலாம், துரத்த மாட்டார்கள். அங்கே சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். 27 ஆய்வுகள், 10,565 பேரைச் சேர்த்துப் பார்த்த 2020-இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், ஏ.ஏ.யோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் ஓராண்டு கழித்தும் முழுதாக விட்டிருந்தார்கள். பேச்சு சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35. கடவுள் அதைச் செய்தார் என்று அந்தத் தொகுப்பு சொல்லவில்லை. குடிக்காத நண்பர்கள் கிடைப்பது, இரவு பத்து மணிக்குப் போன் எடுக்க ஒருவர் இருப்பது போன்றவைதான் வேலை செய்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. "உயர்ந்த சக்தி" என்று வரும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரை நினைத்துக்கொள்ளுங்கள், நாற்பது பேர் ஒருவரைவிட உயர்ந்த சக்திதான். ஒத்துவரவே இல்லை என்றால் கடவுள் இல்லாத குழுக்கள் இணையத்தில் கூடுகின்றன. தனியாக மட்டும் இருக்காதீர்கள்.

டாஸ்மாக்கை மூடாமல் இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? – சேலம்

கடை தெருவுக்குத் தெரு இருப்பது குடியைக் கூட்டுகிறது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுற்றுப்புறத்தின் வலிமைக்கு வியட்நாம் போர் ஒரு சாட்சி. அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை, லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் ஊர் திரும்பிய பின் தேடிப் பிடித்துக் கேட்டார். பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. இடம் மாறியது, ஆட்கள் மாறினார்கள், பழக்கமும் விட்டது. ஆனால் இன்றைக்கு என் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "கடை மூடியதும் வாருங்கள்" என்று நான் சொல்ல முடியாது அல்லவா?

அடுத்த மாதம் எனக்கு ஓராண்டு நிறைகிறது. மையத்தில் மேடையேற்றி மாலை போடுவார்கள், குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். என் மனைவி வர மறுக்கிறாள். "ஒரு வருடம் குடிக்காததற்கு உங்களுக்கு மாலை, பதினாறு வருடம் தாங்கியதற்கு எனக்கு என்ன?" என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது? – நாகர்கோவில்

சம்மதிக்க வைக்காதீர்கள். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. எங்கள் துறையில் இத்தனை ஆண்டுகளில் அதற்கு யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை. நோயாளிக்கு 21 நாள் வகுப்பு வைத்தோம், மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். நீங்கள் நிறுத்திய நாளில் அவருக்கு எதுவும் நிற்கவில்லை. கேட் சத்தம் கேட்டால் இப்போதும் அவர் காது உங்கள் நடையை எடை போட்டுக்கொண்டுதான் இருக்கும். அல்-அனான் போன்ற குடும்பத்தார் குழுவும் தனி ஆலோசனையும் அவருக்கென்று இருக்கின்றன. வேண்டுமா என்று ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

விழாவுக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். திரும்பும்போது மாலையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, கேட்டைத் தட்டுவதற்கு முன் தெருமுனையிலிருந்து ஒரு போன் செய்து, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.